ஏற்காடு இறக்கத்தில் விபத்து: 20,000 வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி வழி உண்டா?

கொலுசுக்காரன்:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நான், மனைவி, கூலிக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். மே கடைசியில் கோடை விழா பார்க்க ஏற்காடு போனோம். மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, நாலரை மணிக்கு ஸ்கூட்டரில் இறங்கினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலே ஏறிவந்த கர்நாடகப் பதிவெண் கார் தனக்கு முன்னால் போன பஸ்ஸை முந்துகிறேன் என்று எங்கள் பக்கம் வந்துவிட்டது. நான் தடுப்புச் சுவரை ஒட்டி ஒதுங்கினேன். காரின் பக்கக் கண்ணாடி ஹேண்டில்பாரில் தட்டி இருவரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கார்க்காரரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நிறுத்தினார், அவரே 108க்குக் கூப்பிட்டார், ஜி.எச். வரைக்கும் பின்னாலேயே வந்தார். "கேஸ் வேண்டாம் சார், குழந்தைகளோடு வந்திருக்கிறேன்" என்று கெஞ்சினார். போனிலேயே 20,000 அனுப்பினார். "இனி எந்த நஷ்டஈடும் கேட்க மாட்டோம்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்து ஆபரேஷன். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆனது. நாலு மாதம் தாண்டிவிட்டது, கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. சாமணத்தை, அதாவது சின்ன இடுக்கியைப் பிடித்தால் நடுங்குகிறது. அவள்தான் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்ப்பாள். எழுதிக் கொடுத்த பிறகு இனி ஏதாவது கேட்க முடியுமா? எஃப்.ஐ.ஆர். எதுவும் இல்லை. மச்சான் "கையெழுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு" என்கிறான்.

மலைவண்டி:

அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இருபது வளைவையும் தினம் ரெண்டு தடவை ஏறி இறங்குகிறவன் நான். வாடகை வண்டி. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் நின்று விட வேண்டும். நீங்கள் நின்றீர்களா? கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பத்தாவது வளைவுக்குள் பிரேக் சூடாகிவிடும், பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறேன் தெரியுமா. ஒருத்தன் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை.

கொலுசுக்காரன்:

நான் மெதுவாகத்தான் வந்தேன். ஆனால் நிற்கவில்லை, உண்மை. வளைவு திரும்பியதும்தான் காரைப் பார்த்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அவள் ஹெல்மெட் போடவில்லை.

தட்டுவடை செட்:

மணிக்கட்டுக்கு ஹெல்மெட் இன்னும் கடைக்கு வரவில்லைங்க, வந்ததும் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி வக்கீல்:

மேலே உள்ளவர் விளையாட்டாகச் சொன்னது சட்டத்திலும் கிட்டத்தட்ட அதேதான். விதி மீறல் வேறு, அந்த மீறலால்தான் இந்தக் காயம் வந்தது என்பது வேறு. ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020ல் இதைத் தெளிவாகச் சொன்னது. மூன்று பேர் போனது தப்புதான், ஆனால் அதனால் விபத்து நடந்தது என்றோ அடி அதிகமானது என்றோ காட்டாமல் நஷ்டஈட்டில் பிடித்தம் செய்யக் கூடாது. தலையில் அடி இல்லாதபோது ஹெல்மெட் பேச்சு நிற்காது.

மலைவண்டி சொன்னதில் பாதி சரி. 2017ம் ஆண்டு வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளில் மலைச் சாலையில் இடம் போதாத இடத்தில் ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்று இருக்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை வளைவில் பஸ்ஸை முந்திக்கொண்டு எதிர்ப்பாதைக்கு வருகிறவருக்குக் கிடையாது.

கொலுசுக்காரர் எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அந்த வெள்ளைத்தாளில் யார் யார் கையெழுத்து? இரண்டு, ஜி.எச்.சில் போட்ட ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கிறார்கள்? மூன்று, விபத்து நடந்த தேதி சரியாக எது? தேதியை இங்கே போட வேண்டாம், ஆறு மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்.

பழைய ஃபைல்:

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். வக்கீல் கேட்ட இரண்டாவது கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். நாங்கள் ஒரு மனு வந்ததும் முதலில் புரட்டுவது எஃப்.ஐ.ஆரை அல்ல, ஏ.ஆரை. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள், வலியோடு, யோசிக்காமல் சொன்ன வாக்கியம் அதில்தான் இருக்கும். "தானாக வழுக்கி விழுந்ததாக" என்று ஒரு வரி கிடைத்தால் போதும், எங்கள் வக்கீல் அதை வைத்தே குறுக்கு விசாரணையை ஓட்டிவிடுவார். போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று உறவுக்காரர் யாராவது டூட்டி டாக்டரிடம் அப்படிச் சொல்லிவிடுவார். எத்தனை கோப்பில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உங்களுக்கு உதவாது, படிக்கிற மற்றவர்களுக்காக. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும். எந்த ஊர்க்காரர், என்ன வருமானம் என்று கேட்க மாட்டார்கள். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது, ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை. அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கொலுசுக்காரன்:

பழைய ஃபைல் ஐயா, நீங்கள் ஜோசியரா? ஏ.ஆர். காப்பியை இன்று போய் வாங்கினேன். "இருசக்கர வாகனத்தில் வரும்போது நிலை தடுமாறிக் கீழே விழுந்து" என்று இருக்கிறது. மச்சான்தான் சொல்லியிருக்கிறான். கேட்டால் "உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்கிறான். கார் என்ற வார்த்தையே அதில் இல்லை.

ஆறு மாதம் முடிய இன்னும் ஐம்பத்தொரு நாள்.

கையெழுத்து நான் மட்டும்தான் போட்டேன். அவளுக்குக் கையில் கட்டு.

அஸ்தம்பட்டி வக்கீல்:

கடைசி வரியை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். அடிபட்டது யாருக்கு? கை யாருடையது? உங்கள் மனைவிக்கு உரிய இழப்பீட்டை "வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு என்ன அதிகாரம்? கணவர் என்பதால் அவருடைய உரிமை உங்கள் பேனாவுக்குள் வந்துவிடாது. உங்கள் சிராய்ப்புக்கு நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள் என்று வேண்டுமானால் அந்தத் தாளைப் படிக்கலாம்.

அவரே போட்டிருந்தாலும்கூட, ஆஸ்பத்திரி வாசலில், ஆபரேஷன் தேவைப்படும் என்றே தெரியாத நேரத்தில் வாங்கிய தாளை வைத்து, வாகன விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம் கதவைச் சாத்திவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 20,000 வாங்கியதை மறைக்காதீர்கள். மனுவிலேயே சொல்லிவிடுங்கள், அதிகம் போனால் அதைக் கழிப்பார்கள்.

இப்போது ஏ.ஆர். பிரச்சினை. கார் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று எதிர்த்தரப்பு கேட்கும். உங்கள் கையிலேயே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர், அதே நாளில், அதே மாலையில், உங்கள் எண்ணுக்கு 20,000 ஏன் அனுப்பினார்? வங்கிக் கணக்கு விவரத்தில் பெயரும் நேரமும் இருக்கும். 108க்குக் கூப்பிட்டதும் அவர் போன் என்றீர்கள், அந்தப் பதிவும் அழைத்த எண்ணோடு இருக்கும். வாயை மூடக் கொடுத்த பணம்தான் உங்களுக்கு முதல் சாட்சி.

தாமதமாகப் புகார் கொடுப்பதால் வழக்குச் செத்துவிடாது. அடிபட்டவனுக்கு முதலில் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், போலீஸ் ஸ்டேஷன் வராது என்ற அர்த்தத்தில் உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லியிருக்கிறது. விபத்துத் தீர்ப்பாயத்தில் கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும், இது 2009 தீர்ப்பு. நாளைக்கே ஏற்காடு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ஏ.ஆரில் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மறைத்தால்தான் சந்தேகம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட்.

ஆறு மாதக் கணக்கை ஏன் கேட்டேன் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்து 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி அது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அது செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிறது. அந்தத் தீர்ப்பை நம்பி நீங்கள் உட்கார வேண்டாம்.

மலைவண்டி:

வக்கீல் சார், ஒரு சந்தேகம். நாளைக்கு என் வண்டியில் ஒருத்தர் லேசாக உரசி, நான் மனிதாபிமானத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கையில் இருந்ததைக் கொடுத்தால், அதுவே எனக்கு எதிராகச் சாட்சியா? அப்போ நிறுத்தாமல் போனவன் புத்திசாலியா?

அஸ்தம்பட்டி வக்கீல்:

நியாயமான கோபம். ஆனால் நிறுத்தாமல் போனால் அது தனிக் குற்றம், பிடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் நிறுத்தலாம், உதவலாம், பணமும் கொடுக்கலாம். செய்யக் கூடாதது ஒன்றுதான்: உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விடுவது. பிரீமியம் கட்டுவதே இதற்காகத்தானே? பணம் உங்கள் பையிலிருந்து போகப்போவதில்லை. இந்தக் கார்க்காரரும் அப்படித்தான். அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லியிருந்தால் 20,000 மிச்சம், வெள்ளைத்தாளும் மிச்சம். வழியில் போகிறவர் தூக்கிவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு இருக்கிறது. அது அந்நியருக்கு, மோதிய வண்டிக்காரருக்கு இல்லை.

மிளகுக்கொடி:

ஊடே வருவதற்கு மன்னிக்கவும். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. போன மழையில் ரோட்டோரம் நின்ற எங்கள் சில்வர் ஓக் கிளை முறிந்து பைக்கில் போனவர் தோளில் விழுந்தது. அது இயற்கை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று முதலாளி சொல்கிறார். பைக்காரர் நோட்டீஸ் விட்டிருக்கிறார். கார் மோதினால் காப்பீடு இருக்கிறது. மரம் விழுந்தால் யார்?

அஸ்தம்பட்டி வக்கீல்:

மரத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் இரண்டு தீர்ப்பு இருக்கிறது, இரண்டும் இரண்டு திசை. ராஜ்கோட்டில் நடந்து போனவர் மேல் சாலையோர மரம் விழுந்து இறந்தார். 1997ல் மாநகராட்சி பொறுப்பில்லை என்றார்கள். ஒவ்வொரு மரத்தையும் தினம் பரிசோதிக்க முடியாது, விழும் என்பதற்கு முன்கூட்டி அறிகுறி இல்லை என்பது காரணம். அடுத்து 1999ல் தில்லியில் ஸ்கூட்டரில் போனவர் மேல் கிளை விழுந்த வழக்கு. அங்கே மாநகராட்சி பொறுப்பு என்றார்கள், மரம் பட்டுப்போய் ஆபத்தாக நின்றதைக் கவனிக்கவில்லை என்று.

அப்போ கேள்வி உங்களுக்கு: அந்தக் கிளை பச்சையாக இருந்ததா, பட்டுப்போயிருந்ததா?

மிளகுக்கொடி:

பட்டுப்போயிருந்தது. இதுதான் மனசை அறுக்கிறது. வழக்கமாக மழைக்கு முன்னால் நிழல் மரத்துக்குக் கவாத்துப் போடுவோம், வெளிச்சம் காப்பிக்கு இறங்க வேண்டுமே. உள்ளே இருக்கிற மரமெல்லாம் வெட்டினோம். ரோட்டோர வரிசையில் காப்பி இல்லை, மிளகுக் கொடிதான். கூலி ஆள் கிடைக்கவில்லை, அந்த வரிசையை விட்டுவிட்டோம். கவாத்துக் கணக்குப் புத்தகத்திலும் அது வெற்றாக இருக்கிறது.

பழைய ஃபைல்:

அந்தப் புத்தகத்தைக் கிழிக்கச் சொன்னால் கிழிக்காதீர்கள். பேசி முடிக்க முதலாளியிடம் சொல்லுங்கள், நல்ல தொகைக்கு.

அஸ்தம்பட்டி வக்கீல்:

ஆமாம். மரம் விழுவது இயற்கை, பட்ட கிளை என்று தெரிந்தும் விட்டது இயற்கை இல்லை. ஆனால் இது தீர்ப்பாயத்துக்குப் போகாது, உரிமையியல் நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு. கேட்கிற தொகைக்கு மூன்று சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 2017க்கு முன் ஏழரையாக இருந்தது. பைக்காரரும் அதை யோசித்துத்தான் நோட்டீசோடு நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

மின்கம்பி அறுந்து விழுந்தால் மட்டும் கதை வேறு. மத்தியப் பிரதேசத்தில் ராத்திரி சைக்கிளில் வீட்டுக்குப் போனவர் மழைத் தண்ணீரில் கிடந்த கம்பியில் மாட்டி இறந்தார். எவனோ கொக்கி போட்டுத் திருடியதால் அறுந்தது, எங்கள் தப்பில்லை என்று மின்வாரியம் வாதிட்டது. 2002ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவ்வளவு ஆபத்தான பொருளைக் கையாளுகிறவர், தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. மரத்துக்கு அந்த விதி இல்லை.

தறிச்சத்தம்:

அம்மாப்பேட்டை. தம்பி விசைத்தறி ஓட்டுகிறான். தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா தெறித்துக் கண்ணில் பட்டு ஒரு கண் பார்வை போய்விட்டது. எட்டு மாதம் ஆகிறது. தறி முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தார், "நீ கவனமா இருந்திருக்கணும்" என்று முடித்துவிட்டார். ஆறு மாதம் தாண்டிவிட்டதே, போச்சா?

அஸ்தம்பட்டி வக்கீல்:

போகவில்லை. ஆறு மாதம் வாகனத்துக்கு மட்டும். வேலையில் அடிபட்டதற்கு இரண்டு வருடம். யார் கவனமாக இருந்தார், யார் இல்லை என்ற பேச்சே இதில் பெரிதாக வராது. வேலை நேரத்தில், வேலையால் அடிபட்டதா, அதுதான் கேள்வி. 1923லிருந்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக இருந்தது, இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால் 30 சதவீத இழப்பு என்று பழைய சட்டத்தின் பட்டியலே சொல்லும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்ததா என்று முதலில் பாருங்கள், இருந்தால் பாதை அந்தப் பக்கம். விவரமாகப் பேச வேண்டும், தனி இழை போடுங்கள்.

உதவும் நண்பர்:

கொலுசுக்கார அண்ணா கவலைப்படாதீங்க. இந்த மாதிரி எத்தனையோ கேஸ் முடித்திருக்கிறோம். முன்பணம் ஒரு பைசா வேண்டாம். டாக்டர் சர்டிபிகேட் முதல் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம். வந்த பிறகு நூற்றுக்கு முப்பது மட்டும். தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்க.

அஸ்தம்பட்டி வக்கீல்:

இதற்காகத்தான் காத்திருந்தேன், இவ்வளவு நேரம் வராமல் இருந்ததே ஆச்சரியம். வருகிற பணத்தில் பங்கு என்று கட்டணம் பேசுவது வழக்கறிஞருக்குத் தடை செய்யப்பட்டது, பார் கவுன்சில் விதி. இவர் வழக்கறிஞரே இல்லை என்றால் அது புரோக்கர் வேலை. "சர்டிபிகேட் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்ற வரிதான் எனக்குப் பயமே. பொய்ச் சான்றிதழ் ஒன்று உள்ளே போனால் உண்மையான முறிவும் சந்தேகமாகிவிடும். காசு இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987 சட்டம்.

நெறியாளர்:

'உதவும் நண்பர்' கணக்கு முடக்கப்பட்டது. பதிவை எச்சரிக்கைக்காக அப்படியே விட்டிருக்கிறோம்.

கொலுசுக்காரன்:

இதை எழுதுவது அவர் இல்லை, அவருடைய மனைவி. இடது கையால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். என் கையைப் பற்றி இத்தனை பேர் பேசியிருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை என்பது அவருக்கே வக்கீல் சொன்ன பிறகுதான் உறைத்திருக்கிறது. எனக்கு அன்றைக்கே தெரியும். அன்று யாரும் என்னிடம் தாளைக் காட்டவில்லை.

இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் பட்டறை வேலை மட்டும் நான் செய்யவில்லை. வேறு இரண்டு பட்டறைக்கும் வீட்டில் வைத்துப் பற்றவைத்துக் கொடுக்கிறேன், எடைக் கூலி. எவ்வளவு கிராம் வெள்ளி வந்தது, எவ்வளவு திரும்பிப் போனது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, எல்லாம் கூலி நோட்டில் இருக்கிறது. ஆறு வருட நோட்டு. மாதம் பத்தாயிரத்துக்குக் குறையாது, ஆடி முடிந்து முகூர்த்தம் வந்தால் கூடும். மே மாதத்தோடு நோட்டு நின்றுவிட்டது. வயது 34. இதற்கெல்லாம் கணக்கு உண்டா, அல்லது ஆஸ்பத்திரி பில் மட்டும்தானா?

அஸ்தம்பட்டி வக்கீல்:

அம்மா, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான். அந்த நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், லேமினேட் செய்கிறேன் என்று கெடுக்க வேண்டாம்.

கணக்கு இப்படி. பில், போக்குவரத்து, கூட இருந்து கவனித்தவருக்கான செலவு, வலிக்கு ஒரு தொகை, இவை தனி. பெரிய தொகை வருமான இழப்பில்தான். உதாரணத்துக்கு மாதம் 10,000. நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் என்றால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும், 2017 அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு. ஆக 14,000. வருடத்துக்கு 1,68,000. வயது 31 முதல் 35 வரை என்றால் வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 16, அது 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை. 26,88,000 வருகிறது. இதில் எத்தனை சதவீதம் உங்களுக்குக் குறைந்தது என்பதில்தான் சண்டையே.

மருத்துவக் குழு உங்கள் மணிக்கட்டைப் பார்த்து உடம்பு முழுமைக்கும் 8 சதவீதம் என்று எழுதினால், அதை அப்படியே போட்டால் 2,15,040. ஆனால் 2011ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. உடம்பில் எவ்வளவு குறை என்று பார்க்காதே, அந்த ஆளின் வேலையில் எவ்வளவு குறை என்று பார். இடது கை போன தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போகலாம், அரசு அலுவலகக் குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலும் இருக்கலாம். அது அந்தத் தீர்ப்பிலேயே உள்ள உதாரணம். உங்களுக்குச் சாமணம் பிடிக்கும் கை. தீர்ப்பாயம் வேலைத்திறன் இழப்பு 20 சதவீதம் என்று ஏற்றால் அதே கணக்கு 5,37,600 ஆகும். ஏற்குமா என்பது நோட்டையும் டாக்டர் சாட்சியத்தையும் பொறுத்தது, நான் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று, உங்கள் கணவர் மேல் பாதித் தப்பு என்று காப்பீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள், வண்டி ஓட்டவில்லை. இரண்டு ஓட்டுநர்களின் தப்பால் மூன்றாமவருக்கு அடிபட்டால் யாராவது ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம், 2015 தீர்ப்பு. பெங்களூருக்கும் அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரான சேலத்திலேயே மனு போடலாம்.

பழைய ஃபைல்:

வக்கீல் ஒரு விஷயத்தை மென்று விழுங்கிவிட்டார். முழுத் தொகையும் கொடுத்த கார்க் காப்பீட்டு நிறுவனம் பிறகு ஸ்கூட்டர்காரரிடம் அவர் பங்கைக் கேட்கலாம். ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்கு அது வராது, 2006ல் முடிந்த விஷயம். எல்லாக் கோப்பிலும் அப்படிக் கேட்பார்கள் என்று சொல்லவில்லை. தெரிந்து வைத்திருங்கள்.

அஸ்தம்பட்டி வக்கீல்:

ஒத்துக்கொள்கிறேன், சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் வளைவில் முந்தியது கார் என்பதை நன்றாக நிறுவ வேண்டும். அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸின் டிரைவர், கண்டக்டர் யார் என்று பாருங்கள்.

மலைவண்டி:

அந்த நேரத்து பஸ் எது என்று எனக்குத் தெரியும். டிரைவர் தெரிந்தவர்தான், அடிவாரத்தில் டீ குடிக்கும்போது கேட்டுப் பார்க்கிறேன். அந்தக்கா கேட்டதற்காக. அண்ணன் நிற்காமல் வந்தது தப்புதான், அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கொலுசுக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இது நான்தான். புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. கார் எண்ணை வைத்துப் பார்த்ததில் காப்பீடு நடப்பில் இருக்கிறது. கார்க்காரர் போன் செய்தார், கோபமாகத்தான் ஆரம்பித்தார். உங்கள் நிறுவனம்தான் கொடுக்கப்போகிறது, நீங்கள் நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பஸ் டிரைவருக்கு விபத்து ஞாபகம் இருக்கிறதாம், கோர்ட்டுக்கு வருவாரா என்று தெரியவில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைத்தார், ஒரு அம்மா. நேற்று மனு தாக்கல். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். வக்காலத்தில் அவளே இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கோணலாக இருக்கிறது. இழப்பீடு நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதனால் வங்கியிலும் கையெழுத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போகிறோம். அதற்கு என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று யாருக்காவது தெரியுமா?